மாலையில் பத்து நிமிட வாசிப்பு

வயிற்றுவலி என்று திங்கட்கிழமை காலையில் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு அழைத்து வரப்படும் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளில் சிலருக்கு வயிற்றில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. விடுமுறை நாட்களில் வராத அந்த வலி, பள்ளிச் சீருடையைக் கையில் எடுக்கும்போது வருகிறது. மெல்லப் பேச்சுக் கொடுத்தால், வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டுமே என்ற அச்சம் வெளிப்படுகிறது. வீட்டிலும் புத்தகம் திறக்கப்படும்போதெல்லாம் அதட்டலும் அழுகையும் உடன் வந்திருக்கும். குழந்தை நடிப்பதாகக் கருத வேண்டாம். அச்சத்தால் வயிறு உண்மையிலேயே வலிக்கும். மருந்துச் சீட்டில் நாங்கள் எழுத இயலாத சிகிச்சை ஒன்று இதற்கு உண்டு. அதைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறோம்.

பேச்சு, கேட்டுக் கேட்டு இயல்பாக வருவது. வாசிப்பு அவ்வாறு வருவதன்று. கண் காணும் வடிவத்தைக் காது அறிந்த ஒலியோடு இணைக்கும் வழியை மூளை பயிற்சியால் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டும். ஆகையால் எழுத்தைக் காட்டுவதற்கு முன்பே ஒலியில் விளையாடத் தொடங்கலாம். கல் என்றேனா, கால் என்றேனா? மலையா, மாலையா? ‘பால்’ என்பதில் கடைசி ஒலியை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? சமையலறையிலும் பேருந்திலும் இதை விளையாடலாம், புத்தகம் தேவையில்லை. எழுதப் படிக்க அறியாத பாட்டியாலும் இதைச் செம்மையாகச் செய்ய இயலும். “எனக்குப் படிப்பு இல்லை, நான் என்ன சொல்லிக் கொடுப்பது?” என்று எங்களிடம் தயங்கிக் கேட்கும் தாய்மாருக்கு இதையே முதலில் சொல்கிறோம்.

அடுத்தது எழுத்து. தமிழில் 247 எழுத்துகள் என்றதும் பெற்றோருக்கே மலைப்பு ஏற்படுகிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 போக, எஞ்சிய 216 உயிர்மெய்களும் சேர்க்கையால் பிறப்பவை. அட்டவணை முழுவதையும் ஒப்பித்த பிறகே சொல்லுக்குச் செல்ல வேண்டும் என்பதில்லை. ப, ட, ம, ர, க என்னும் ஐந்து எழுத்துகளும் புள்ளியும் தெரிந்தால் படம், மரம், பட்டம், பக்கம், கட்டம் ஆகியவற்றைக் குழந்தை தானே வாசித்துவிடும். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், காகம், மாமரம். தானே ஒரு சொல்லை வாசித்த குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்கள் பிறகு அட்டவணையைத் தேடுவதில்லை.

சில இடங்களில் எல்லாக் குழந்தைகளும் தடுமாறும். மெய்யெழுத்துகளை ‘இக், இங், இச்’ என்று மனப்பாடம் செய்த குழந்தை, ‘மரம்’ என்பதை ‘ம, ர, இம்’ என்று வாசிக்கும். அதன்மேல் பிழையில்லை, நாம் சொல்லிக் கொடுத்ததையே அது திரும்பச் சொல்கிறது. உதடுகளை மூடி ‘ம்’ என்னும் ஒலியை மட்டும் எழுப்பிக் காட்டுங்கள். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, அதன் ஒலியோ பின்னே வருகிறது. ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. கு, சு, து, பு ஆகியவற்றில் உகரக் குறி ஒரே வடிவில் அமைவதில்லை. ஆதலால் அவ்வரிசையைச் சற்றுத் தாமதமாக, சொற்களோடு சேர்த்தே கற்பிப்பது நன்று. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் பள்ளி சென்ற தாத்தா, பழைய பழக்கத்தில் தும்பிக்கை போட்ட ‘லை’ எழுதிக் காட்டக்கூடும். குழந்தை விழித்தால் இருவரில் எவரையும் கடிய வேண்டாம்.

ஆங்கிலவழிக் குழந்தைகளுக்கும் வழி இதுவே. எழுத்தின் பெயருக்கு முன் அதன் ஒலி.

அமரும் முறையும் முக்கியம். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்; ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது அதற்கு ஈடாகாது. எதிரே அமராமல் பக்கத்தில் அமருங்கள். தடுமாறினால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலான பெற்றோர் இரண்டு எண்ணுவதற்குள் சொல்லிவிடுகிறார்கள். அதன் பின்னும் வரவில்லையெனில் முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுங்கள். படத்தைப் பார்த்து ஊகித்துச் சொன்னால், விரலை எழுத்தின் அடியில் வைத்து மீண்டும் ஒலிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயர் அந்தப் பத்து நிமிடத்தில் வரவே கூடாது. காய்ச்சலுள்ள நாளில் பயிற்சி வேண்டாம். கதை சொன்னால் போதும். நீண்ட சிகிச்சைக்காக எங்கள் வார்டில் தங்கும் குழந்தைகளுக்கு நடைவழிப் பலகைகளே பாடநூல்: மருந்தகம், படிக்கட்டு, கட்டணம்.

இவ்வளவுக்குப் பிறகும் முன்னேற்றம் இல்லையெனில், சோம்பல் என்று முடிவுகட்டும் முன் உடலைப் பாருங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் தேங்கிக் கேள்வி மங்கலாம். ஒலிகள் தெளிவாகக் கேளாதபோது எழுத்தோடு அவற்றை எங்ஙனம் இணைக்கும்? பார்வைக் குறையுள்ள குழந்தை அதைச் சொல்லாது. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும் என்று அது எண்ணும். இரவில் குறட்டை விட்டு உறக்கம் கெடுவது, இரத்தசோகை ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும். வாசிப்பின் நடுவே சில நொடிகள் வெறித்துப் பார்த்து, அழைத்தாலும் திரும்பாமல், பின்னர் ஒன்றும் நடவாததுபோல் தொடர்ந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். முன்பு அறிந்திருந்த சொற்களையும் எழுத்துகளையும் குழந்தை இழந்துவருவதாகத் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவது ஆறு வயதில் இயல்பே. கற்றல் குறைபாட்டை 7, 8 வயதுக்கு முன் உறுதியாகக் கூறுவதில்லை. எனினும் பேச்சு தாமதமாக வந்திருந்தாலோ, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் வாசிப்பில் இடர்ப்பாடு இருந்திருந்தாலோ, அந்த வயது வரை காத்திராமல் முன்னதாகவே வாருங்கள். வரும்போது பழைய மருத்துவக் குறிப்புகளோடு குழந்தையின் எழுத்துக் குறிப்பேட்டையும், அது விரும்பிப் புரட்டும் புத்தகம் ஒன்றையும் எடுத்து வாருங்கள்.