மலைப்பூண்டும் பொதுச் சந்தையும்

பூம்பாறைக்குச் செல்லும் யாத்ரிகர்கள் படிப்படியாக இறங்கும் வயல்களையும், குழந்தை வேலப்பர் ஆலயத்தையும் கண்டு களித்துத் திரும்புவர். நம் கருத்தோ அவ்வயல்களில் விளையும் பூண்டின்மீது சென்றது.

அப்பூண்டு மலையிறங்கிப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தையை அடைகிறது. மத்தியப் பிரதேசம் முதலிய வடபிரதேசங்களின் பூண்டும் தமிழ்நாட்டிற்கு ஏராளமாக வருகிறது. பாரத தேசமெங்கும் வியாபாரம் தடையின்றி நடைபெற வேண்டுமென்பது அரசியல் சாசனத்தின் 301-வது விதி. ஆயினும் ராஜ்ய எல்லைகளில் வரிச் சாவடிகள் நெடுங்காலம் நின்றன. 2017 ஜூலை 1-இல் சரக்கு, சேவை வரி வந்த பிறகே அவை அகன்றன. எல்லை திறந்தால் நம் சரக்கு வெளியே செல்லும். பிறர் சரக்கும் உள்ளே வரும். சமவெளியில் உழுபவனும், சரிவிலே மூட்டை சுமப்பவனும் ஒரே விலைக்கு விற்றுக் கட்டுமோ?

இதே கேள்வி ஆப்பிரிக்காவிலும் எழுந்திருக்கிறது. அக்கண்டத்து நாடுகள் 2018-இல் கிகாலி நகரிற் கூடி, பொதுச் சந்தைக்கான உடன்படிக்கை செய்தன. எரித்திரியா நீங்கலாக 54 நாடுகள் கையொப்பமிட்டன. 2021 ஜனவரியில் வியாபாரம் தொடங்கியது. ஆனால் அந்நிய ஆட்சியினர் போட்ட இருப்புப்பாதைகளிற் பல, சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கே ஓடின. அண்டை வீட்டுக்கு வழி இல்லாதபோது, சுங்கத்தை மட்டும் நீக்கி என்ன பயன்?

மற்றோர் ஆபத்தும் உண்டு. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்றும் 1967-இல் அமைத்த கூட்டு 1977-இல் குலைந்தது. அரசியல் பகைமையும் அதற்குக் காரணமே. எனினும், லாபமெல்லாம் கென்யாவின் ஆலைகளுக்கே போகிறதென்ற மனத்தாங்கல் முன்னரே புகைந்துகொண்டிருந்தது. 2000-இல் அக்கூட்டு மீண்டும் உயிர்பெற்றது. எளியவனுக்குப் பங்கு கிட்டாத ஐக்கியம் எத்தனை நாள் நிலைக்கும்?

ஆப்பிரிக்க உடன்படிக்கையில், சரக்கு எங்கே உற்பத்தியானது என்பதை நிர்ணயிக்கும் விதிகளே பெரும் விவாதத்துக்கு இடமாயின. வெளிக் கண்டத்துப் பண்டம் முத்திரை மாற்றிச் சலுகை பெற்றுவிடலாகாதன்றோ? கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் அத்தகைய காப்பு ஒன்று 2019-இல் புவிசார் குறியீடாகக் கிடைத்தது. ஆனால், சந்தையிலே மூட்டை அவிழ்ந்து வேற்றுப் பூண்டுடன் கலந்துவிட்டால், அக்குறியீடு ஏட்டோடு நின்றுவிடும். மலையிலேயே தரம் பிரித்து, ஊர்ப்பெயர் பொறித்துக் கட்டி அனுப்பினால்தான், வாங்குவோர் கொடுக்கும் அதிக விலை பூம்பாறைக் குடியானவர் கையிற் சேரும்.