நடுக்கம் மட்டுமல்ல: பார்க்கின்சன் நோயும் மூளைத் தூண்டல் அறுவைச் சிகிச்சையும்

பார்க்கின்சன் நோய் என்றதும் கை நடுக்கம்தான் நம் நினைவுக்கு வரும். நடுக்குவாதம் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் நடுக்கமே வராத நோயாளிகளும் இருக்கிறார்கள். மலச்சிக்கல், தூக்கக் கெடுதி, மனச்சோர்வு, மறதி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது, தாளிக்கும் வாசனைகூடத் தெரியாமல் போவது ஆகியவையும் இந்த நோயால் வரக்கூடும். 1817-ல் இந்நோயைப் பற்றி முதலில் விரிவாக எழுதிய இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், தூக்கக் கெடுதியையும் மலச்சிக்கலையும் அப்போதே குறித்திருக்கிறார். நாமோ இவற்றை "வயசானா வர்றதுதான்" என்று விட்டுவிடுகிறோம்.

மாத்திரை சில ஆண்டுகள் நன்றாக வேலை செய்யும். பிறகு அடுத்த வேளைக்கு முன்பே அதன் பலன் இறங்கிவிடும். சிலருக்கு உடம்பு தானாக நெளிந்து ஆடும். இந்த நிலையில் மருத்துவர் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, தோலுக்கு அடியில் கழுத்து வழியாகக் கொண்டுவந்து, காரை எலும்புக்குக் கீழே வைக்கும் ஒரு சிறு கருவியுடன் இணைப்பார்கள். கருவி இடைவிடாமல் மிகச் சிறிய மின்துடிப்புகளை அனுப்பும். 1987-ல் பிரான்சின் கிரனோபில் நகரில் இன்றைய முறை தொடங்கியது. மலேசியாவில் கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் உள்ளிட்ட சில பெரிய மருத்துவமனைகளில் இது செய்யப்படுகிறது. லகாட் பகுதியில் இருப்பவர்கள் முதலில் ஈப்போவில் நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இது நோயைக் குணப்படுத்தாது. நடுக்கம், விறைப்பு, மந்தமான அசைவு ஆகியவற்றைக் குறைக்கும். பொதுவாக, லெவோடோபா மாத்திரைக்கு எது இளகுகிறதோ அதுவே இந்தச் சிகிச்சைக்கும் இளகும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் இதில் அடங்கலாம்.

மற்றத் தொல்லைகள் என்னவாகும்?

சிகிச்சைக்கு முன் நீங்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி இது. பலருக்குத் தூக்கம் சீராகிறது. இரவில் புரண்டு படுக்க முடிவதே அதற்குப் பாதிக் காரணம். விறைப்பால் வந்த வலி குறையும். மாத்திரை இறங்கும் வேளையில் வரும் பதற்றமும் குறையும். சிலருக்குச் சிறுநீர் அவசரம் தணிகிறது.

மறதி இதனால் மேம்படாது. ஏற்கெனவே மறதி நோய் முற்றியவர்களுக்கு இந்த அறுவைச் சிகிச்சை பொதுவாகச் செய்யப்படுவதில்லை, ஏனெனில் குழப்பம் கூடிவிடக்கூடும். பேச்சு சிலருக்கு மேலும் குழறலாம். சொல் வாயில் வரத் தாமதமாகலாம். கோயிலில் தேவாரம் பாடுபவர், தொலைபேசியில் பேரப்பிள்ளைகளோடு பேசுவதே பெரிய சந்தோஷம் என்றிருப்பவர் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். கை நடுக்கம் நின்று பேச்சு குறைந்தால் அது உங்களுக்குச் சம்மதமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய முடியாது.

மூளையில் இரத்தக் கசிவு, கிருமித்தொற்று ஆகிய ஆபத்துகளும் உண்டு. அவை அதிகம் நேர்வதில்லை என்றாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மறைக்கக் கூடாதவை

இறந்துபோன உறவினர் வீட்டில் நிற்பதுபோல் தெரிகிறதா? அது பேயும் இல்லை, உங்களுக்குப் பைத்தியமும் இல்லை. நோயாலோ மாத்திரையாலோ அப்படித் தோன்றலாம். தூக்கத்தில் கத்துவது, உதைப்பது, பக்கத்தில் படுத்திருப்பவரை அடிப்பது ஆகியவையும் நோயின் அறிகுறிகளே.

இன்னொன்றைப் பலர் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. பிரமிபெக்சோல் போன்ற மாத்திரைகள் சிலரைச் சூதாட்டத்திலும் வீண் செலவிலும் இழுத்துவிடும். என்றோ ஒரு நாள் நாலு நம்பர் எடுத்தவர் தினமும் எடுக்க ஆரம்பித்தால், குணம் கெட்டுவிட்டது என்று வீட்டில் சண்டை வரும். மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை. அறுவைச் சிகிச்சை முடிவாகும் முன் மருத்துவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு மாத்திரை அளவு பலருக்குக் குறைக்கப்படும். மிக வேகமாகக் குறைத்தால் எதிலும் பிடிப்பில்லாமல் போகலாம், மனம் இருண்டுவிடலாம். முதல் ஓராண்டு வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். "உயிரோடு இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால், அடுத்த மருத்துவ நாள் வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனையை அழையுங்கள்; சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999. நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

கருவி பொருத்தியவர்கள் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கோ பல் வைத்தியத்துக்கோ போகும்போது அதைச் சொல்லிவிட வேண்டும். மின்னலைகளால் உடலுக்குள் சூடேற்றும் சிகிச்சை இவர்களுக்கு அறவே கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்பும் சொல்லுங்கள். கருவியின் அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், நாட்டு மருந்து உட்பட. பூனைக்காலி விதைப் பொடியில் லெவோடோபாவே இருக்கிறது. அதையும் சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாவிட்டால் மருத்துவரின் கணக்கு தப்பிவிடும். இரவில் உங்களோடு ஒரே வீட்டில் தூங்குபவர் ஒருவரையும் அழைத்துப்போங்கள். தூக்கத்தில் நடப்பது அவருக்குத்தான் தெரியும்.