குயிலும் காக்கைக் கூடும்

தில்லியிலோ மும்பையிலோ கோடை தொடங்கும் நாட்களில், விடியுமுன்னரே குயிலின் குரல் கேட்டு ஊர் நினைவில் ஆழாத தமிழர் அரியர். அப்பறவையின் வாழ்க்கையை இன்று சிறிது நோக்குவோம்.

இந்தியில் 'கோயல்' என்பது பெண்பாற் சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நானும் பாடுவது பெண்குயில் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. படிப்படியாகக் குரலை உயர்த்திக் கூவுவது ஆண்குயிலே. அது பளபளக்கும் கருநிறமும் சிவந்த கண்களும் உடையது. பெண்ணோ பழுப்பு நிற உடலில் வெண்புள்ளிகள் கொண்டது; 'கிக், கிக்' என்று விரைந்து ஒலிப்பதோடு அமைவது.

குயிற் குடும்பத்துப் பறவைகளுட் பல புழுபூச்சிகளைத் தின்பவை. நம் குயிலுக்கோ கனிகளே முதன்மையான உணவு. ஆல், அரசு, அத்தி, சந்தனம் ஆகிய மரங்களின் பழங்களை உண்டு, அவற்றின் விதைகளைப் பரப்பவும் அது துணைபுரிகின்றது. ஆதலின் சாலையோரத்து ஆலமரம் ஒன்று வெட்டப்படுமாயின், நிழலோடு குயிலின் உணவும் அழிகின்றது.

குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டிலேயே முட்டையிடும். சில வேளைகளில் ஆண்குயில் கூட்டருகே தோன்றிக் காக்கைகளைச் சினமூட்டும். அவை அதனைத் துரத்திச் செல்லும்போது பெண்குயில் தன் காரியத்தை முடித்துக்கொள்ளும். குயிலின் முட்டை நிறத்தில் காக்கை முட்டையை ஒத்தது, அளவிற் சிறியது. காக்கை முட்டை பொரிய 16 அல்லது 17 நாட்கள் ஆகும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாட்களே போதும். முந்திப் பிறந்த குஞ்சு உணவிலும் முந்திக்கொள்கிறது. ஐரோப்பியக் குயிற்குஞ்சு, கூட்டிலுள்ள பிற முட்டைகளையும் குஞ்சுகளையும் வெளியே தள்ளிவிடும். நம் குயிற்குஞ்சுக்கு அவ்வழக்கம் பொதுவாக இல்லை. ஆகவே, சில கூடுகளில் இருவகைக் குஞ்சுகளும் சேர்ந்தே வளர்வதுண்டு.

வடமொழியில் குயிலுக்குப் 'பரபிருதம்' என்றொரு பெயர் உண்டு. பிறரால் வளர்க்கப்பட்டது என்பது அதன் பொருள். இளமையில் பசித்தபோது காக்கைக் குஞ்சைப் போலவே கத்தும் அது, வளர்ந்தபின் தன் இனத்தின் குரலிலேயே பாடுகின்றது. அயல் மாநிலத்தில் அண்டை வீட்டார் மொழியையே பேசி வளரும் நம் சிறுவரைக் கண்டு கவலையுறுவோர்க்கு இஃது ஆறுதலாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது: குயிலுக்கு அதன் பாட்டு பிறவியிலேயே அமைந்தது; நம் பிள்ளைகளுக்கு நம் மொழியை நாமே கற்பித்தல் வேண்டும்.