அம்மாயி வெட்டிவைத்த தாள்கள்

ஹட்டன் கடைத்தெருவில் பஃப் கை திரும்ப வந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பெண்பிள்ளைகள் அம்மாவின் கல்யாணப் படத்தைக் கைபேசியில் காட்டி, "இதே கை வேணும் அக்கா" என்கிறார்கள். முழங்கை தொடும் கை, ஒட்டிய வட்டக் கழுத்து, இடுப்பில் கொசுவம் வைத்த ஃபிராக் என்று போன தலைமுறை உடுத்திக் களைந்ததெல்லாம் தேடப்படுகிறது. 1961இல் வந்த 'பாலும் பழமும்' படத்தின் பெயர் ஒரு கட்டம்போட்ட சேலைக்கே நிலைத்தது. அந்தக் கட்டத்தை இப்போது ரெட்ரோ என்று கேட்டு வாங்குகிறார்கள்.

படத்தைப் பார்த்துத் துணி எடுத்துவிடலாம். பஃப் கை தோளில் நிற்க வேண்டுமென்றால் வெட்டு தெரிந்திருக்க வேண்டும். கையின் மேல்வளைவை உயர்த்தி, அகலமாக வெட்டிச் சுருக்க வேண்டும். அதோடு, உடல் துண்டில் தோள் அகலத்தை அரை அங்குலமாவது உள்ளே வாங்க வேண்டும். இதைச் செய்யாத ஜாக்கெட்டில் பஃப் தோளைவிட்டு இறங்கிப் புஜத்தில் தொங்கும். அந்த அரை அங்குலம் எந்தப் புகைப்படத்திலும் தெரியாது. அது லயத்துக் காம்பராவில், ட்ரங்குப் பெட்டியின் அடியில், மடித்துக்கிடக்கும் தாளில் இருக்கிறது.

அளவுவாரியான பேப்பர் கட்டிங்கை அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்துத் தையற்காரர் எபனேசர் பட்டரிக் 1863இல் விற்கத் தொடங்கினார். நான்கு வருடம் கழித்து, 1867இல், இங்கே இலங்கையில் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை வேரூன்றியது. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. துரைமார் பங்களாவுக்குப் போகவேண்டிய சாமான்கள் அந்த ரயிலில் ஏறின. லயத்துக்கு வெட்டு வந்த வழிகள் வேறு: பங்களாவில் வேலைசெய்த ஆயா, மிஷன் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பு, டவுனில் மெஷின் போட்டிருந்த டெய்லர். அந்தக் காலத்து வெட்டு ஒன்று இன்றும் உயிரோடு நடமாடுகிறது. காலை ஏழு மணிக்கு மலைப்பாதையில் இறங்கிவரும் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைக் கவுனைப் பாருங்கள். கொலர், இடுப்புத் தையல், கீழே மடிப்புகள் எல்லாமே பழைய ஆங்கிலப் பள்ளிக்கூட வெட்டு. 1993 முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகத் தருகிறது. தைப்பதோ பெரும்பாலும் தோட்டத்திலேயே மெஷின் வைத்திருக்கும் ஓர் அக்காதான்.

என் அம்மாயி அப்படி ஒருவர். காலையில் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, குப்பி விளக்கில் தைத்தவர். அவர் வெட்டிய தாள்கள் பெரும்பாலும் பழைய வீரகேசரிப் பக்கங்கள். மார்பளவு ஒரு மூலையில், யாருக்கென்பது மறுமூலையில், நீலப் பென்சிலில். பத்திரிகைத் தாளில் வெட்டியதால் ஒரு நன்மை: தேதி அதிலேயே இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்னால் அது வெட்டப்பட்டிருக்க முடியாது. மெஷின் மட்டும் எங்களிடம் இல்லை. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு கட்டியது. அதன்படி பெரியம்மா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் இறங்கிக் கோத்தகிரிக்குப் போனபோது மெஷின் அவர்களோடு போனது. தாள்கள் இங்கே தங்கின.

அந்தத் தாள்கட்டில் நான் அதிகம் மதிப்பது கல்யாண ஜாக்கெட்டை அல்ல, மலைக்குப் போட்டுப்போகும் சட்டையை. கொழுந்து பறிப்பவள் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி எட்டிப் பறிக்கிறாள். பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் எறிகிறாள். நாள் முழுக்க இதுதான் அசைவு. சாதாரண ஜாக்கெட்டில் கை தூக்கினால் உடல் துண்டும் சேர்ந்து மேலே ஏறும், கக்கம் கிழியும். அம்மாயியின் வெட்டில் கக்கத்துக்கு ஒரு சிறு சதுரத் துண்டு தனியாக இருக்கிறது. அதைக் கோணலாகத் திருப்பி கைக்கும் உடலுக்கும் நடுவில் வைத்துத் தைத்தால் கை மட்டும் உயரும், சட்டை இடுப்பில் படங்குக்குள் அப்படியே நிற்கும். 1950களின் மேல்நாட்டு ஃபிராக்குகளிலும் இதே துண்டு உண்டு. அங்கே அது நளினத்துக்காக. இங்கே ஒருநாள் பேருக்காக, கூலிக்காக. இப்படியொரு வெட்டைக் கண்டெடுத்தபின் ரெட்ரோ என்ற சொல் எனக்குச் சின்னதாகத் தெரிகிறது.

பழைய தாளிலிருந்து தைக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மூலத்தாளில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். இளஞ்சூட்டில், ஆவியில்லாமல் இஸ்திரி போட்டுச் சுருக்கம் எடுத்து, பிரவுன் பேப்பரில் பிரதி எடுங்கள். அச்சடித்த பழைய கட்டிங் ஒன்றில் ஓர் அளவுதான் இருக்கும். மிகப் பழையதில் அச்சே இராது, துளைகள் மட்டும் இருக்கும். தையலுக்கு விடும் துணி தாளில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். அச்சுத் தாளில் பெரும்பாலும் எட்டில் ஐந்து பங்கு அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் சேர்ந்தே வரும். வீட்டில் வெட்டியதில் பெரும்பாலும் சேராது. இதைக் கவனிக்காமல் வெட்டிய சட்டை இறுக்கிப் பிடிக்கும். அந்தக் காலத்துச் சீத்தைத் துணி 36 அங்குல அகலம், இன்றையது 44 அல்லது 58. ஆகையால் பழைய கணக்குப்படி துணி வாங்கினால் மிஞ்சும். முதல் சட்டையைப் பழைய சேலையில் தைத்துப் போட்டுப் பாருங்கள், நல்ல துணியைப் பிறகு எடுக்கலாம்.

ஆயத்த உடை மலிவாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நுவரெலியா பேல் பஸாரில் தொங்கும் உடைகளைப் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். எனக்குக் கவலை விலையைப் பற்றியதல்ல. 1978இல் கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் திறந்ததிலிருந்து நம் பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒருத்தி நாள் முழுக்கக் கொலர் மட்டும் தைப்பாள், இன்னொருத்தி பொக்கற் மட்டும். வெட்டுவதற்குத் தனிப் பகுதி. பத்து வருடம் மெஷினில் உட்கார்ந்து திரும்பிவரும் பெண்ணின் தையல் ஓட்டம் நூல் பிடித்தாற்போல் இருக்கும். ஆனால் மூன்று மீட்டர் துணியை முன்னால் விரித்தால் எங்கே கத்தரி வைப்பதென்று தயங்குவாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வெட்டு அவளிடமிருந்து எடுத்து வைக்கப்பட்டது. உதவித் திட்டங்கள் மெஷினைக் கொடுக்கின்றன, நல்லதுதான். வெட்டை யார் கொடுப்பது?

கொடுக்கவேண்டியது அந்தத் தாள்கள்தான், அவையோ ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பத்திரிகைத் தாள் தானாகவே மஞ்சளித்து நொறுங்கும் சாதி. லயத்தில் அதோடு தகரக் கூரையின் ஒழுக்கும் அடுப்புப் புகையும் பனிக்காலத்து ஈரமும் சேர்கின்றன. தீப்பிடித்தால் ஒரு வரிசைக் காம்பராக்களும் ஒரே இரவில் போய்விடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைகள் சரிந்தபோது உயிர்கள் போயின, வீடுகள் போயின. அந்த இழப்பின் முன் தாளைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் 2023இல் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் என்று நினைவுகூர்ந்த நமக்கு, நம் பாட்டிமார் தங்கள் கையால் எழுதிவைத்த எழுத்து மிகக் குறைவு. பலருக்குக் கையெழுத்தே கிடையாது. அவர்களுடைய கணக்கும் அளவும் அறிவும் பதிந்திருக்கும் காகிதம் அநேகமாக இது ஒன்றுதான்.

கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயமொன்றில், தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 முதல் இருக்கிறது. நம் சாமான்களுக்கும் ஓர் இடம் உண்டு என்று காட்டியது அது. ஆனால் எல்லாத் தாளும் அங்கே போய்ச் சேரும்வரை காத்திருக்க முடியாது. உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியை இந்த வாரமே திறந்து பாருங்கள். கட்டிங் இருந்தால் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து இரண்டு பக்கமும் படமெடுங்கள், பிரதி வெட்டுங்கள். பிரதியின் மேல் யார் வெட்டியது, யாருக்கு, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருடம் என்று எழுதுங்கள். அம்மாயி உயிரோடு இருந்தால் அவரிடமே கேட்டு எழுதுங்கள்.