பகையின்றி விளைந்த நாசம்

உலகத்தின் சுற்றுச்சூழல் சீர்கெட்டு வருவதைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை, வாசகனை முதல் அத்தியாயத்திலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, பின்வரும் அத்தியாயங்களில் புள்ளிவிவரங்களைச் சாட்சிகளாக வரிசையாக அழைக்கும் இயல்புடையவை. ஆதலால், நல்லெண்ணத்துடன் அவற்றைக் கையிலெடுப்பவர்கள்கூடப் பாதிவழியில் மூடிவைத்து விடுகிறார்கள். இதுவும் அத்தகையதே என்ற அவநம்பிக்கையோடுதான், வேறொரு புத்தகம் தேடப்போன நூலகத்தில் தற்செயலாக அகப்பட்ட ‘தி சிக்ஸ்த் எக்ஸ்டிங்ஷன்’, அதாவது ‘ஆறாவது பேரழிவு’, என்னும் நூலைப் புரட்டத் தொடங்கினேன்; தொடங்கிய பின் கீழே வைக்க மனம் வரவில்லை. ‘நியூ யார்க்கர்’ பத்திரிகையின் எழுத்தாளரான எலிசபெத் கோல்பர்ட் 2014-இல் வெளியிட்ட இந்நூல், மறு ஆண்டே புலிட்சர் பரிசைப் பெற்றது.

பூமியில் ஜீவராசிகள் இதுவரை ஐந்து முறை பெருவாரியாக மாண்டிருக்கின்றன. ஐந்தாம் முறை, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், வானிலிருந்து விழுந்த ஒரு விண்கல் டைனோசர்களுக்கு யமனாக வந்தது. ஆறாம் முறை நம் காலத்திலேயே, நம்மாலேயே நடந்து வருகிறது என்பது நூலின் பொருள். ஓர் இனம் அடியோடு அற்றுப்போகக் கூடும் என்பதையே 1796-இல் பாரிஸ் நகரில் கூவியே என்ற விஞ்ஞானி எடுத்துக் காட்டும்வரை கற்றோர் பலரும் ஒப்பவில்லை என்பதை நினைத்தால், இவ்விஷயத்தில் மனிதனுடைய அறிவு எவ்வளவு இளையது என்பது விளங்கும். இத்தனை பிரம்மாண்டமான விஷயத்தை அம்மையார் பிரசங்கமாக விரிக்காமல், பதின்மூன்று அத்தியாயங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜீவனை முன்னிறுத்தி, அது வாழ்ந்த இடத்துக்கே நம்மை அழைத்துச் செல்கிறார்.

பனாமா நாட்டில் எல் வாயே என்றொரு மலையூர் உண்டு. அங்குள்ள ஓடைக்கரைகளில் மலிந்து கிடந்த மஞ்சள் நிறத் தங்கத் தவளையை அந்நாட்டார் மங்களச் சின்னமாகக் கொண்டு, லாட்டரிச் சீட்டிலும் அச்சிட்டு வந்தார்கள். தோலின் வழியாகவே நீர் பருகும் அப்பிராணியின் தோலில் ஒரு பூஞ்சை பற்றி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இருதயத்தை நிறுத்திவிட, ஓடைகள் வெறுமையாயின. எஞ்சியவற்றைப் பிடித்து வந்து முதலில் ஒரு ஹோட்டல் அறைகளிலும், பிறகு அதற்கென்று கட்டிய நிலையத்தின் கண்ணாடித் தொட்டிகளிலும் வளர்த்தார்கள். ஓடையோ பக்கத்திலேயே இருந்தது, ஆனால் பூஞ்சையும் அங்கேயே இருந்ததால் அவற்றைத் திரும்ப விட வழியில்லாமல் போயிற்று.

அப்பூஞ்சை உலகெங்கும் பரவியது எவ்வாறு என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று விசித்திரமானது. முன்னாளில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாளா என்று அறிய, அவளுடைய சிறுநீரை ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் உடலில் ஊசியால் செலுத்துவர். சில மணி நேரத்துக்குள் அது முட்டையிட்டால் ஐயம் தீர்ந்தது. இதற்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பப்பட்ட தவளைகளோடு நோயும் கப்பலேறியிருக்கலாம் என்கிறார்கள். பிள்ளைப்பேற்றுக்காகக் காத்திருந்த எந்தத் தம்பதிக்கும், அவர்களுக்குச் சேதி சொன்ன எந்த வைத்தியருக்கும், எங்கோ இருந்த ஒரு மஞ்சள் தவளையின் மேல் பகை இருந்திருக்க முடியுமா?

இந்தக் கேள்வியே நூலின் உயிர்நாடி என்று எனக்குப் படுகிறது. இத்தாலியின் இஸ்கியா தீவருகே கடலடியிலிருந்து கரியமில வாயு இயற்கையாகவே குமிழியிட்டு வெளிவருகிறது. அக்குமிழிகளின் அருகே பாறையில் ஒட்டி வாழும் நத்தைகளின் ஓடுகள் அரிக்கப்பட்டு, துளை விழுந்து காணப்படுகின்றன. இயந்திரத் தொழில் பெருகிய நாள் முதலாகக் கடலின் மேற்பரப்பு நீரில் அமிலத்தன்மை ஏறத்தாழ 30 சதவீதம் மிகுந்திருக்கும் நிலையில், நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் நடத்தும் சாமானிய வாழ்க்கையே மற்றக் கடல்களையும் அத்தீவின் கதிக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. கொடியவர்கள் செய்யும் கொடுமையைத் தண்டனையால் தடுக்கலாம்; பரம சாதுக்கள் அன்றாடப் பிழைப்பினால் இழைக்கும் கேட்டை எந்தத் தண்டனையால் தடுப்பது?

காப்பாற்ற முயல்பவர்களையும் ஆசிரியை மெல்லிய நகைச்சுவையோடும் மிகுந்த பரிவோடும் சித்தரிக்கிறார். சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் சுமத்ரா காண்டாமிருகமான சூசிக்குக் கரு உண்டாகும் தருணத்தைக் கண்டறிய, ஒரு பெண் விஞ்ஞானி தோள்வரை கையுறை அணிந்து அதன் குதத்தினுள் கைவிட்டுப் பரிசோதிக்கும் காட்சி, சிரிப்பையும் துக்கத்தையும் ஒருங்கே எழுப்புவது. நூல் வெளிவந்த மறு மாதமே சூசி இறந்துபோயிற்று.

பரிகாரம் எதனையும் அம்மையார் உபதேசிப்பதில்லை. அதை ஒரு குறையாகச் சொல்வாரும் உண்டு. ஆனால் நூலினுள்ளேயே ஒரு விடை மறைந்திருக்கிறது. பறக்கவியலாத பெரிய ஆக் பறவையின் இறுதி ஜோடி, 1844-இல் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே தீவில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டது. அப்பறவையைக் காணலாம் என்ற நம்பிக்கையோடு 1858-இல் ஐஸ்லாந்துக்குச் சென்ற ஆல்ஃபிரட் நியூட்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பறவையைக் காணாமல், அதைக் கொன்றவர்களின் வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் திரும்பினார். இழந்ததற்காக அழுதுகொண்டிராமல், எஞ்சியிருந்த மற்றக் கடற்பறவைகளுக்காக அவர் வாதாடியதன் பயனாக, 1869-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அவற்றைக் காக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆக் பறவைக்கு உதவாத அந்தச் சோகம் பிற பறவைகளுக்கு அரணாயிற்று. இந்நூலை மூடிவைப்பவனுக்கு உண்டாகும் துக்கமும் அவ்வாறே அடுத்த உயிருக்குப் பயன்படுமானால், அதைப் படித்த பொழுது வீண்பொழுதன்று.