பழைய ரொட்டிக்கு ஒரு மலையேற்றம்

ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி நிற்கிறது வாட்ஸ்மான் மலை. உயரம் 2,713 மீட்டர். கொடுங்கோல் அரசன் ஒருவன் சாபம் பட்டு மனைவி மக்களோடு கல்லாகிப்போனான் என்பது ஊர்க்கதை. பெரிய சிகரம் அவன், எதிரே சிறியது அரசி, இடையில் வரிசையாகப் பிள்ளைகள். அந்த மலையில் 1,930 மீட்டர் உயரத்தில் 1888 முதல் ஒரு தங்குமனை இருக்கிறது. பெயர் வாட்ஸ்மான்ஹவுஸ். 1869இல் தொடங்கிய ஜெர்மன் மலையேற்றச் சங்கத்தின் மியூனிக் கிளைக்குச் சொந்தமானது. நான் குடியிருப்பது மியூனிக். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களில் முழங்கால் ஒத்துழைப்பவர்களை அங்கே கூட்டிப்போவது என் வழக்கம்.

முதல் இரவு அடிவாரத்து ராம்சாவில். 2015இல் ஜெர்மனியின் முதல் ‘மலையேறிகள் கிராமம்’ என்று அறிவிக்கப்பட்ட ஊர் இது. இங்குள்ள பழைய விடுதிகளில் பச்சை ஓடு பதித்த கணப்படுப்பும், அதைச் சுற்றி மரப்பெஞ்சும், மூலையில் சிலுவையும் இருக்கும். ஒரு மேஜை மட்டும் உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒதுக்கியிருக்கும். மற்றதெல்லாம் காலியாக இருந்தாலும் அதில் போய் உட்காரக் கூடாது. வாரத்தில் ஒருநாள் அடுப்பு மூட்டாத விடுதிகளும் உண்டு. அந்த நாளைக் கேட்டுக்கொண்டு போவது வயிற்றுக்கு நல்லது.

விம்பாஹ் பாலத்திலிருந்து தங்குமனைக்கு 1,300 மீட்டர் ஏற்றம். நிதானமாக நடந்தால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை பூட்ஸைக் கழற்றி அதற்கான அறையில் வைப்பது. அடுத்தது பதிவேடு: பெயர், எங்கிருந்து வருகிறோம், நாளை எங்கே போகிறோம். யாராவது காணாமல் போனால் மீட்புக்குழு தேடத் தொடங்குவது அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துத்தான்.

தனி மேஜை கேட்டால் சிரிப்பார்கள். இடம் இருக்கிற பெஞ்சில் நெருக்கி உட்கார வேண்டியதுதான். ஆயிரம் மீட்டருக்கு மேலே யாரும் யாரையும் ‘நீங்கள்’ என்பதில்லை என்பது இங்குள்ள மலையேறிகளின் மரபு. நம் தட்டில் இருப்பது என்ன என்று எதிரே இருப்பவர் உரிமையோடு கேட்பார்.

என் கொழுந்தன் தட்டில் இருந்தது ரொட்டி உருண்டை, மேலே காளான் குழம்பு. காய்ந்துபோன பன் ரொட்டியைச் சீவி, சூடான பாலில் ஊறவைத்து, முட்டையும் வெங்காயமும் பார்ஸ்லியும் சேர்த்து உருட்டி, கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் நீரில் வேகவிடுவார்கள். செய்முறையைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கியது. “ஏன் அண்ணி, இவ்வளவு தூரம் மூச்சு வாங்க ஏறி வந்தது பழைய ரொட்டி தின்னவா?”

“நேத்து இட்லி இன்னைக்கு உப்புமா ஆகலையா? பேசாம சாப்பிடுடா” என்றேன். இரண்டாவது உருண்டைக்கு அவன் எதுவும் கேட்கவில்லை.

அவன் கேள்விக்குப் பதில் அந்தச் சமையலறையிலேயே இருக்கிறது. இத்தகைய மனைகளுக்குத் தார்ச்சாலை கிடையாது. மாவும் எரிவாயுவும் சில இடங்களில் சரக்குக் கயிற்றுவண்டியில் ஏறும். சில இடங்களில் ஹெலிகாப்டரில் வரும். அப்படி வந்த ரொட்டியை யார் வீசுவார்கள்? பாலாடைக்கட்டியின் கதையும் இதுதான். கோடையில் மாடுகள் உயர்ந்த மேய்ச்சல் வெளிக்குப் போய்விடும்; அவ்வளவு பாலைத் தினமும் கீழே இறக்க வழியில்லாத காலத்தில் அங்கேயே கட்டியாக்கினார்கள். முட்டையும் மைதாவும் கலந்த மாவைத் துளைப்பலகை வழியே கொதிநீரில் தேய்த்துவிட்டு, வெந்ததை அந்தக் கட்டியோடு புரட்டி, வறுத்த வெங்காயம் தூவித் தருவார்கள். ஒரு தட்டு முடித்தால் மறுநாள் மத்தியானம்வரை பசி எட்டிப் பார்க்காது.

சைவக்காரர்கள் இந்த இரண்டையும் தைரியமாகக் கேட்கலாம், முட்டை ஒத்துக்கொண்டால். சூப்பில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பருப்பு சூப்பில் தொத்திறைச்சி மிதக்கும். தெளிவான சூப் பெரும்பாலும் மாட்டெலும்பில் காய்ச்சியது. குடிக்க, ஆப்பிள் சாற்றில் சோடா கலந்தது பீருக்கு நிகராகத் தாகம் தீர்க்கும்.

இரவு பத்து மணிக்குச் சத்தம் நிற்க வேண்டும். பெரிய வாட்ஸ்மானின் மூன்று முனைகளையும் ஒரே நாளில் கடக்கப்போகிறவர்கள் விடியுமுன் கிளம்ப வேண்டுமே! பொதுக்கூடத்தில் மெத்தைகள் வரிசையாகக் கிடக்கும். கம்பளி அவர்கள் தருவார்கள். உள்ளே போர்த்திக்கொள்ளும் மெல்லிய துணிப்பை நம்முடையதாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் படுக்கை இல்லை. இது சுண்ணாம்புப் பாறை மலை, மழைநீர் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். அதனால் இங்கே தண்ணீர் அரிது, கம்பளி துவைப்பது எளிதல்ல.

விதிகள் கூடுதல் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் இடம், தூக்கிவந்த மாவு. இதை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 200 பேருக்குச் சோறும் படுக்கையும் தர வேறு வழி இல்லை. புயலில் கதவைத் தட்டுகிறவரைத் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். நாம் ஒடுங்கிப் படுக்கும் அந்த அரையடிதான் அவருக்கான இடம்.

கோடை முடிந்து அக்டோபரில் மனை மூடிவிடும். அதற்குள் போக நினைப்பவர்கள் முன்பதிவு செய்யுங்கள், ரொக்கம் வைத்திருங்கள், குறட்டைக்காகக் காதில் வைக்கப் பஞ்சும் எடுத்துக்கொள்ளுங்கள். தனி அறையும் வெந்நீரும் இல்லாமல் தூக்கம் வராது என்பவர்கள் ராம்சாவிலேயே இருந்துவிடலாம். ரொட்டி உருண்டை அங்கேயும் கிடைக்கும். அதை உண்ணும் பசி மட்டும் மேலேதான் கிடைக்கும்.