பனியன் துணி போல தசையையும் பின்ன முடியுமா? ஆய்வுக்கூடங்களில் என்ன நடக்கிறது?

பெருமாநல்லூர் பக்கம் ஏதாவது ஒரு நிட்டிங் கம்பெனிக்குள் எட்டிப் பாருங்கள். வட்ட மெஷினைச் சுற்றி கோன் கோனாக நூல் நிற்கும். நடுவிலிருந்து குழாய் போல துணி இறங்கிக்கொண்டே இருக்கும். அதே வட்டப் பின்னல்தான், சுமார் 70 ஆண்டுகளுக்கு முன் ஓர் இதய அறுவை சிகிச்சை நிபுணருக்கும் தேவைப்பட்டது என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் மைக்கேல் டிபேக்கி. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்தவர். பழுதான ரத்தக் குழாய்க்கு மாற்றுக் குழாய் தேடிக்கொண்டிருந்தார். 1950-களின் தொடக்கத்தில் நைலான் துணி வாங்கக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துபோயிருந்தது. 'புதுசா டேக்ரான்னு ஒண்ணு வந்திருக்கு' என்று கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். டேக்ரான் வேறொன்றுமில்லை, நமக்குப் பழக்கமான பாலியெஸ்டர்தான். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியின் தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்தார். சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த தையல். பிறகு ஃபிலடெல்ஃபியா ஜவுளிக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் எட்மன் என்பவர், தையலே இல்லாமல் குழாயைப் பின்னித் தள்ளும் மெஷினை வடிவமைத்துக் கொடுத்தார். இன்றும் உலகம் முழுக்க அறுவை சிகிச்சைகளில் பாலியெஸ்டர் குழாய்கள் பயன்படுகின்றன.

ரத்தக் குழாய் சரி. கை, காலை அசைக்கும் தசையை இப்படி உருவாக்க முடியுமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

தூங்கும் செல்கள்

நம் உடல் எடையில் கிட்டத்தட்ட 40 சதவிகிதம் எலும்போடு ஒட்டிய தசைகள்தான். ஒரு தசையைப் பிரித்துப் பார்த்தால் நூல் கட்டு மாதிரியே இருக்கும். ஒவ்வோர் இழையும் பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவானது. இணைந்த பிறகு அந்த இழையால் இரண்டாகப் பிரிந்து பெருக முடியாது. அப்படியென்றால் அடிபட்ட தசை எப்படித் திரும்ப வளர்கிறது?

1961-ல் அலெக்சாண்டர் மௌரோ என்ற விஞ்ஞானி, தவளையின் தசையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது விடை தெரிந்தது. இழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன செல்கள் சும்மா கிடந்தன. அவற்றுக்கு 'சாட்டிலைட் செல்' என்று பெயர் வைத்தார். சாதாரண நாள்களில் இவை தூங்கும். தசை கிழிந்தால் விழித்து, பெருகி, புது இழையாக மாறும். அதில் ஒரு பகுதி மறுபடியும் தூங்கப் போய்விடும், அடுத்த காயத்துக்காக.

இந்தத் தூக்கத்தைத்தான் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர் ஜோத்ஸ்னா தவான். ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 1991-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த அவரது கட்டுரை பேசப்பட்டது. மனித வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும்படி மாற்றிய தசைச் செல்களை எலியின் தசைக்குள் ஊசியாகப் போட்டார்கள். மூன்று மாதங்கள் வரை எலியின் ரத்தத்தில் அந்த ஹார்மோன் இருந்தது. தசையை ஒரு மருந்துத் தொழிற்சாலையாகவும் பயன்படுத்தலாம் என்று காட்டிய ஆய்வு அது.

இந்தியா திரும்பிய பிறகு அவர் கேட்ட கேள்வி வேறு. செல் ஏன் தூங்குகிறது, எது எழுப்புகிறது? செல்களைக் கூழ் போன்ற கெட்டியான திரவத்தில் மிதக்க விட்டால், பிடிமானம் இல்லாமல் அவை தூங்கிவிடும். தட்டில் ஒட்ட வைத்தால் விழித்துக்கொள்ளும். இந்த எளிய உத்தியை வைத்தே அவரது குழு பல ஆண்டுகள் வேலை செய்தது.

அந்தக் குழுவில் ஆய்வு செய்த ராம்குமார் சம்பாசிவன், பிறகு பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்துக்குப் போனார். 2011-ல் அவரும் சக ஆய்வாளர்களும் செய்த பரிசோதனை எளிதில் மறக்காது. எலியின் சாட்டிலைட் செல்களை மட்டும், தொண்டை அடைப்பானை உண்டாக்கும் டிப்தீரியா நச்சைக் கொண்டு அழித்தார்கள். அதன் பிறகு காயப்பட்ட தசை வளரவே இல்லை. அந்தச் செல் இல்லையென்றால் தசைக்கு மறுவாழ்வு இல்லை என்பது உறுதியானது. சம்பாசிவன் பிறகு திருப்பதி ஐசர் நிறுவனத்தில் பேராசிரியரானார். (திருப்பூர் இல்லை, திருப்பதி!)

இழுத்துப் பிடித்தால்தான் இழை

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நெனாட் பர்சாக் குழு இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. செல்களை ஜெல்லில் கலந்து, இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து வைக்கிறார்கள். இழுவிசை இருந்தால்தான் செல்கள் ஒரே திசையில் வரிசைகட்டி இழையாகும். நிட்டிங் மெஷினில் கீழே உருளை துணியைச் சரியான டென்ஷனில் இழுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நம்மூர் ஆபரேட்டர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

2014-ல் இவர்கள் வளர்த்த எலித் தசை, பாம்பு விஷ நச்சால் சேதப்படுத்திய பிறகும் தன்னைத்தானே சரிசெய்துகொண்டது. எலியின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்து, அதன் வழியே இந்தத் தசைக்குள் ரத்தக் குழாய்கள் வளர்வதையும் பார்த்தார்கள். 2015-ல் மனித செல்லிலிருந்து, மின் தூண்டலுக்குச் சுருங்கும் தசையை வளர்த்தார்கள். 2018-ல் தோல் போன்ற சாதாரண செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்தும் தசை வந்தது.

ஆனால் இவையெல்லாம் மிகச் சிறிய துண்டுகள். ரத்த ஓட்டம் இல்லாத திசுவுக்குள் ஆக்ஸிஜன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரம்கூடச் சரியாகப் போகாது. தடிமனாக வளர்த்தால் உள்ளே இருக்கும் செல்கள் செத்துவிடும். அதனால் முழுத் தொடைத் தசையை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பொருத்துவது இன்றைக்கு நடக்காத காரியம். நோயாளியின் செல்லில் வளர்த்த தசைத் துண்டில் மருந்துகளைச் சோதித்துப் பார்ப்பதே இப்போதைய பெரிய பயன்.

ஜவுளிக்காரர்கள் கவனிக்க ஒரு செய்தி. பிரான்ஸின் போர்தோ நகரில் நிக்கோலா லெரூ குழு, மனித செல்கள் உருவாக்கும் படலத்தை நூலாக்கி, அதை நெய்கிறது. பின்னவும் முடியும் என்கிறார்கள். நூலே மனித உடலின் பொருள் என்பதால் பாலியெஸ்டர் தேவையில்லை. இப்போதைக்கு குறி ரத்தக் குழாய்தான், தசை இல்லை.

காத்திருக்கும் குழந்தைகள்

இந்த ஆராய்ச்சிகளை ஆவலோடு பார்ப்பவர்கள் ஜிம்முக்குப் போகிறவர்கள் அல்ல. டுஷேன் தசைச் சிதைவு நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோர். பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் மரபணு நோய் இது. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாகாததால் தசை இழைகள் திரும்பத் திரும்பக் கிழிகின்றன. சாட்டிலைட் செல்களும் ஓயாமல் வேலை செய்து ஓய்ந்துபோகின்றன. பத்து, பன்னிரண்டு வயதில் பலருக்கு சக்கர நாற்காலி தேவைப்படுகிறது.

இந்த இடத்தில்தான் ஏமாற்றும் நுழைகிறது. 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான்' என்று லட்சங்களில் பணம் கேட்பவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. சில ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர, மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகத் தரக் கூடாது. அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே தரலாம். ஆய்வு என்றால் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இப்போது கையில் இருப்பது சீக்கிரம் கண்டுபிடிப்பது, டாக்டர் கண்காணிப்பில் ஸ்டீராய்டு, பிசியோதெரபி, இதயத்தையும் சுவாசத்தையும் கவனிப்பது. ஸ்டீராய்டு நோயைக் குணமாக்காது, நடக்கும் காலத்தை நீட்டிக்கும். மரபணுப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. டாக்டர் பி.ஆர்.லட்சுமி தொடங்கிய எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் கோவையிலேயே இந்த நோய்க்காக இயங்கி வருகிறது. அம்மா வழியாக நோய் வந்திருக்கிறதா, அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு எவ்வளவு என்பதை அறிய மரபணுப் பரிசோதனை உதவும். மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு அம்மாவிடமிருந்து வராமல் புதிதாகவே ஏற்படுகிறது. எனவே மருமகளைக் குறை சொல்லும் பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

எதைக் கவனிக்க வேண்டும்? இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் பையன் அடிக்கடி விழுகிறானா, படி ஏறத் திணறுகிறானா, கெண்டைக்கால் மட்டும் வழக்கத்தைவிடப் பருமனாக இருக்கிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து எழும்போது முழங்காலில், தொடையில் கை ஊன்றி, தன் உடம்பு மேலேயே ஏறுவது போல எழுகிறானா? 'சோம்பேறி' என்று திட்டாமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சி.கே. என்ற சாதாரண ரத்தப் பரிசோதனைதான் முதல் படி.